காமா என்ற பெயரைச் சுமந்தவர்கள்: ஒரு பயில்வான் குடும்பத்தின் கதை

ரெஸ்லிங் பற்றிக் கதையெடுத்தால் வீட்டில் ஒரு கேள்வி தப்பாமல் வரும். "உதெல்லாம் உண்மையோ, சும்மா நடிப்போ?" வெள்ளவத்தையில் என்றால் அம்மம்மா கேட்பா, கொட்டாஞ்சேனையில் என்றால் பக்கத்துக் கடை அண்ணன் கேட்பார். அண்டர்டேக்கரையும் ஜோன் சீனாவையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்தக் கேள்வி அலுத்துப் போய்விட்டது. பதிலும் எல்லாருக்கும் தெரியும். யார் வெல்வது என்று முன்னமே பேசி வைத்திருப்பார்கள். விழுகிற உடம்புக்கு மட்டும் விழுகை உண்மை.

ஆனால் இதே கேள்வியால் ஒரு மனிதரின் தோள் முறிந்திருக்கிறது. 1976 டிசம்பர் 12, கராச்சி தேசிய மைதானம். ஒரு பக்கம் ஜப்பானின் அந்தோனியோ இனோக்கி. மறுபக்கம் நாற்பது வயதைத் தாண்டிய அக்ரம் பயில்வான். இனோக்கியின் தொழிலில் முடிவைப் பேசி வைப்பது வழமை. அக்ரமின் வீட்டில் அப்படி ஒரு வழமை இல்லை. அவர் உண்மையாகவே மோத வந்திருந்தார். மூன்றாவது சுற்றில் எல்லாம் முடிந்தது.

அக்ரம் அன்றைக்குத் தன்னுடைய பெயரை மட்டும் கொண்டு மேடை ஏறவில்லை. அவருடைய பெரியப்பாவின் பெயரும் கூடவே ஏறியது. அந்தப் பெயர் காமா. நூறு வருடத்துக்கு மேலாகத் தெற்காசியாவில் பலம் என்பதற்கே இன்னொரு சொல்லாக இருந்த பெயர் அது. அந்தப் பெயர் எப்படி உண்டானது, அதைச் சுமந்தவர்களுக்கு என்ன ஆனது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எங்கட சொற்களுக்குள் இருக்கும் பஞ்சாப்

காமாவைத் தெரியாது என்று சொல்பவர்கள்கூட அவருடைய உலகத்துச் சொற்களைத் தினமும் பேசுகிறார்கள். குஸ்தி, பயில்வான், வஸ்தாது மூன்றுமே பாரசீகத்தில் பிறந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்தவை. பஹல்வான் பயில்வான் ஆனார். உஸ்தாத் வஸ்தாது ஆனார். தண்டால் எடுக்கிறோம், பஸ்கி எடுக்கிறோம், வாக்குவாதம் முற்றினால் கோதாவில் இறங்குகிறோம். கொஞ்சம் துள்ளினால் "நீ என்ன பெரிய தாராசிங்கோ?" என்று கேட்கிற வழக்கமும் உண்டு. தாராசிங்கும் அதே பஞ்சாபின் மண்ணில் இருந்து வந்தவர். அவருடைய தம்பி ரந்தாவாவும் மல்யுத்த வீரர்தான்.

இதெல்லாம் வருவதற்கு முன்னமே எங்களிடம் மல்லர்கள் இருந்தார்கள். மாமல்லபுரத்துக்குப் பெயர் கொடுத்த பல்லவ மன்னன் நரசிம்மவர்மன், மாமல்லன். அவனுக்கும் பல நூற்றாண்டுகள் முந்தைய புறநானூற்றின் 80ஆவது பாட்டு ஒரு மற்போரைப் பற்றியது. ஆமூர் மல்லனை இளவரசன் பெருநற்கிள்ளி மடக்கி வீழ்த்துகிறான். அதைப் பாடிய சாத்தந்தையாரின் ஆசை என்ன தெரியுமோ? மகனோடு பகை கொண்டிருந்த தகப்பன் தித்தன் இதைப் பார்க்க வேண்டும் என்பதுதான். இவ்வளவு பழைய பாட்டிலேயே கோதாவுக்கு வெளியே ஒரு அப்பா நிற்கிறார். காமாவின் வீட்டுக் கதையும் அப்படித்தான் தொடங்குகிறது.

அரண்மனைப் பால்

குலாம் முகமது பக்ஷ் பட், அதாவது காமா, 1878இல் பிறந்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். காஷ்மீர் வேர் கொண்ட அமிர்தசரஸ் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அப்பா அசீஸ் பக்ஷ், தத்தியா சமஸ்தானத்தின் அரண்மனைப் பயில்வான். காமா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். பிறகு அம்மாவழித் தாத்தா நூன் பயில்வான் வளர்த்தார். அவரும் போனபின் மாமன் பொறுப்பெடுத்தார். எல்லாருமே பயில்வான்கள். பிள்ளைக்கு வேறு தொழில் பார்க்கலாம் என்று யாராவது யோசித்திருப்பார்களோ என்றே எங்களுக்குச் சந்தேகம்.

குஸ்தி எப்படி நடக்கும் என்பதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். களம் மண். மண்ணைக் கிளறி, கல் பொறுக்கி, எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து பதப்படுத்துவார்கள். அடியும் உதையும் கிடையாது. பிடித்து, புரட்டி, எதிராளியின் முதுகை மண்ணில் படவைத்தால் வெற்றி. காசியில் மல்லர்களோடு இருந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் ஜோசப் ஆல்டர், பயில்வானின் வாழ்க்கை ஒரு துறவுக்குக் கிட்ட என்று விளக்குகிறார். விடியலுக்கு முன் எழும்புவது, பிரமச்சரியம், குருவுக்குப் பணிவிடை, சாப்பாட்டில் ஒழுங்கு.

அந்தச் சாப்பாட்டில்தான் விசயம் இருக்கிறது. பால், நெய், பாதாம், இறைச்சிச் சாறு. ஒரு நாளைக்கு இவ்வளவும் ஒரு ஆளுக்குக் கொடுக்கச் சாதாரணக் குடும்பத்தால் முடியாது. ராஜாவால் முடியும். ஆகவே பயில்வான் அரண்மனையில் இருந்தான். யானை, குதிரை, பாட்டுக்காரர் போல அவனும் ராஜாவின் கௌரவத்தில் ஒரு பகுதி. உன் ராஜ்ஜியத்துப் பயில்வானை என் பயில்வான் விழுத்திவிட்டால் அது எனக்கு வெற்றி. ஆங்கிலேயர் படையையும் அதிகாரத்தையும் பறித்துவிட்ட காலத்தில் ராஜாக்களுக்கு மோதிப் பார்க்க மிஞ்சிய வழிகளில் இதுவும் ஒன்று.

பத்து வயதில் காமா ஜோத்பூர் மகாராஜா நடத்திய போட்டிக்குப் போனார். பஸ்கி எடுக்கிற போட்டி. நாநூறுக்கு மேற்பட்ட பயில்வான்கள் கலந்துகொண்டார்கள் என்றும், கடைசிப் பதினைந்து பேரில் இந்தப் பிள்ளையும் நின்றது என்றும், வயதைப் பார்த்த மகாராஜா அவரையே வென்றவராக அறிவித்தார் என்றும் சொல்வார்கள். அதன்பின் தத்தியா அரண்மனை அவரைத் தன் செலவில் வளர்த்தது.

இனி வருகிறவற்றில் எது வரலாறு, எது கதை என்று பிரிப்பது கஷ்டம். தினம் ஐயாயிரம் பஸ்கி, மூவாயிரம் தண்டால் என்கிறார்கள். பரோடா அருங்காட்சியகத்தில் 1,200 கிலோ எடையுள்ள ஒரு கல் இருக்கிறது. 1902 டிசம்பர் 23 அன்று காமா அதைத் தூக்கினார் என்று அதிலேயே பொறித்திருக்கிறார்கள். ஒலிம்பிக் பளுதூக்கும் வீரர்கள் தலைக்கு மேல் தூக்குவது அதில் கால்வாசிகூட இல்லை. ஆகவே அந்தக் கல்லை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்வது கஷ்டம். ஆனால் ஒரு பெயர் எப்படி மனிதனை விடப் பெரிதாக வளர்கிறது என்று கேட்டால், அந்தக் கல்லைக் காட்டலாம்.

லண்டன், 1910

1910இல் சரத் குமார் மித்ரா என்ற வங்காளத் தனவந்தரின் செலவில் காமா, அவருடைய தம்பி இமாம் பக்ஷ், இன்னும் சில பயில்வான்கள் லண்டனுக்குப் போனார்கள். பெஞ்சமின் என்ற ஏற்பாட்டாளர் கூட்டிக்கொண்டு போனார். அங்கே போனால் காமாவைப் போட்டிக்குச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். ஆள் ஐந்தடி ஏழு அங்குலம் சொச்சம். பார்க்க ஒரு உலகச் சாம்பியன் மாதிரித் தெரியவில்லையாம்.

அதற்கு அவர்கள் பொதுச் சவால் ஒன்று விட்டார்கள். எந்த எடையில் எந்த மூன்று வீரர்கள் வந்தாலும் அரை மணித்தியாலத்துக்குள் விழுத்திக் காட்டுகிறேன் என்பது அதன் சாரம். முதலில் இதை விளம்பரம் என்றே நினைத்தார்கள். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. அந்தக் காலத்து ஐரோப்பிய மல்யுத்தம் ஏற்கெனவே பாதி வியாபாரம். இசையரங்கங்களில் டிக்கெட் விற்று நடத்துவார்கள். பேசி வைத்த போட்டிகள் நிறைய. பிறகு அமெரிக்க வீரர் பெஞ்சமின் ரோலர் மோத வந்தார். காமா அவரைச் சில நிமிடங்களில் விழுத்தினார், மறுபடியும் விழுத்தினார். தம்பி இமாம் பக்ஷ் சுவிட்சர்லாந்தின் ஜோன் லெம்மைத் தோற்கடித்தார்.

செப்டம்பர் 10 அன்று போலந்தின் ஸ்டானிஸ்லாவ் ஸ்பிஷ்கோ. பெரிய ஆள், உலகின் முன்னணி வீரர்களில் ஒருவர். அவருடைய தம்பி விளாடெக்கும் மல்யுத்த வீரர். பரிசு 250 பவுணும் ஜோன் புல் பெல்ட்டும். போட்டி தொடங்கியதும் காமா அவரைக் கீழே கொண்டுபோய்விட்டார். ஸ்பிஷ்கோ குப்புறப் படுத்துக்கொண்டார். அதன்பின் எழும்பவே இல்லை. முதுகு படாவிட்டால் தோல்வி இல்லைத்தானே. இரண்டரை மணித்தியாலத்துக்கும் மேலாக அப்படியே கிடந்தார். காமா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தும் அவரைப் புரட்ட முடியவில்லை. பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டிருப்பார்கள். கடைசியில் சமநிலை என்று நிறுத்தி, ஒரு கிழமை தள்ளி மறுபடி மோதச் சொன்னார்கள். செப்டம்பர் 17 அன்று காமா வந்தார். ஸ்பிஷ்கோ வரவில்லை. பெல்ட் காமாவுக்குப் போனது.

இந்தியப் பத்திரிகைகளும் பிற்காலத்துப் புத்தகங்களும் இதை ஒரு மாபெரும் வெற்றியாகவே எழுதின. மேடையில் நடந்ததைப் பார்த்தால் அது ஒரு சமநிலையும், ஒரு வராத எதிராளியும். ஆனால் அந்தக் கோடைகாலத்தில் உலகம் எப்படி இருந்தது என்றும் யோசிக்க வேண்டும். இரண்டு மாதம் முன்பு, 1910 ஜூலை 4 அன்று, அமெரிக்காவின் ரீனோ நகரில் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜோன்சன், "வெள்ளையரின் நம்பிக்கை" என்று கொண்டாடப்பட்ட ஜெப்ரிஸை அடித்து வீழ்த்தியிருந்தார். அதன்பின் பல அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டார்கள். அந்தச் சண்டையின் படத்தைப் பல ஊர்களில் தடை செய்தார்கள். வெள்ளை உடம்பு தோற்பதைக் காட்டுவதே அரசியலாக இருந்த காலம். ஆண்டு கொண்டிருந்தவர்களின் தலைநகரிலேயே, ஆளப்பட்ட நாட்டு ஆள் ஒருவர் ஐரோப்பியச் சாம்பியனை இரண்டரை மணித்தியாலம் குப்புறப் படுக்க வைத்தார் என்றால், ஊரில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ.

அப்போதிருந்து காமாவின் உடம்பு காமாவுக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. ராஜாவின் கௌரவத்தைச் சுமந்த உடம்பு இப்போது நாட்டின் கௌரவத்தைச் சுமந்தது.

ஒரு நிமிடத்துக்கும் குறைவாக

ஊருக்குத் திரும்பிய காமா, தனக்கு நீண்ட காலம் சவாலாக இருந்த ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவை அலகாபாத்தில் வென்றார். ரஹீம் கிட்டத்தட்ட ஏழடி. இருவரும் முன்பு மோதியபோதெல்லாம் முடிவு வரவில்லை. பிற்காலத்தில் யார் உங்களுக்குக் கஷ்டம் கொடுத்த எதிராளி என்று கேட்டால், காமா ஐரோப்பியர் யாரையும் சொல்லாமல் ரஹீமைத்தான் சொல்வாராம்.

1928 ஜனவரியில் பட்டியாலா மகாராஜா ஸ்பிஷ்கோவை இந்தியாவுக்கு அழைத்தார். பல்லாயிரக்கணக்கில் சனம். இருவருக்கும் ஐம்பதை நெருங்கிய வயது. இந்தத் தடவை களம் பஞ்சாபின் மண். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஸ்பிஷ்கோவின் முதுகு மண்ணில்.

ஸ்பிஷ்கோவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கேள்விக்கு அவரும் ஒரு பதில். 1920களில் அமெரிக்க மல்யுத்தம் முழுக்கவே நாடகமாகிவிட்டது. வேய்ன் மன் என்ற கால்பந்தாட்டக்காரரை, மல்யுத்தம் சரியாகத் தெரியாவிட்டாலும், கூட்டம் சேர்ப்பார் என்று சாம்பியனாக்கி வைத்திருந்தார்கள். 1925 ஏப்ரலில் அவரிடம் தோற்பதற்கு என்று ஸ்பிஷ்கோவைப் பேசி மேடை ஏற்றினார்கள். ஸ்பிஷ்கோ பேச்சை மீறினார். உண்மையாகவே மோதி, மன்னைத் திரும்பத் திரும்ப விழுத்திப் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். பொய்க்குள் புகுந்து உண்மையைச் செய்தார் என்று சொல்லலாம், ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு வியாபாரக் கூட்டம் இருந்தது.

அவரைத் திரையில் பார்க்க விரும்புகிறவர்கள் ஜூல்ஸ் டாசின் இயக்கிய 1950ஆம் ஆண்டுப் படம் 'நைட் அண்ட் த சிட்டி'யைத் தேடுங்கள். லண்டனில் நடக்கிற கதை. முதிய ஸ்பிஷ்கோ அதில் பழைய பாணி மல்யுத்தத்தைக் காக்க நினைக்கும் கிழவராக வருகிறார். அவருடைய மகன் அதே நகரத்தில் பேசி வைத்த மல்யுத்தத்தை விற்றுக் காசு பார்க்கிறவன். கிழவர் கடைசியில் உண்மையாகவே மோதி, வென்று, அந்தக் களைப்பிலேயே சாகிறார். அந்தச் சண்டைக் காட்சி நீளமானது, பார்க்க மூச்சு முட்டும்.

ராஜாக்கள் போனபின்

1947. பிரிவினை காமாவின் குடும்பத்தை லாகூருக்குக் கொண்டுபோனது. மோனி ரோட்டில் இருந்த இந்துக் குடும்பங்களைத் தாக்க வந்த கூட்டத்துக்கு முன்னால் காமா தன் ஆட்களோடு போய் நின்று அவர்களைக் காப்பாற்றினார் என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். அவருடைய வாழ்க்கையில் எங்களுக்குப் பிடித்த மோதல் இதுதான். இதற்கு டிக்கெட் இல்லை, பெல்ட் இல்லை.

ஆனால் பால் கொடுத்த அரண்மனைகள் இல்லாமல் போய்விட்டன. சமஸ்தானங்கள் இரண்டு நாடுகளோடும் கரைந்தன. புதிய அரசுகளுக்குப் பயில்வான் தேவைப்படவில்லை. காமாவின் கடைசி வருடங்கள் நோயிலும் பணமுடையிலும் போயின. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த தொழிலதிபர் ஜி.டி. பிர்லா உதவிப் பணம் அனுப்பினார். 1960 மே 23 அன்று காமா லாகூரில் இறந்தார்.

பெயரை யார் எடுப்பது? காமாவின் ஆண்பிள்ளைகள் இளவயதிலேயே போய்விட்டார்கள். ஆகவே பெயர் தம்பி இமாம் பக்ஷின் பிள்ளைகளிடம் போனது: போலு, அசாம், அஸ்லம், அக்ரம், கோகா. இவர்களைப் போலு சகோதரர்கள் என்பார்கள். மூத்தவர் போலு 1949இல் ருஸ்தம்-இ-பாகிஸ்தான் பட்டத்தை வென்றார். 1967இல் லண்டனில் ஹென்றி பெரியைத் தோற்கடித்தார். தம்பிமார் கிழக்கு ஆபிரிக்கா வரை போய் மோதினார்கள்.

இவர்களுடைய காலம் கிங்காங், தாராசிங் காலம். சிங்கப்பூர், மலாயா, பம்பாய் என்று சுவரொட்டி, டிக்கெட், ரேடியோ வர்ணனை எல்லாம் கலந்த புதுத் தொழில். பால் இனி அரண்மனையில் இருந்து வராது, டிக்கெட் காசில் இருந்துதான் வரும். டிக்கெட் விற்க வேண்டும் என்றால் சனம் நம்பும் கதை வேண்டும். போலு சகோதரர்களிடம் ஏற்கெனவே ஒரு பெரிய கதை இருந்தது: நாங்கள் காமாவின் வீடு, எங்களை யாரும் விழுத்த முடியாது. இந்தக் கதையின் பிரச்சினை, அதை ஒரு தடவைகூடத் தோற்றுக் காட்ட முடியாது என்பது.

கராச்சியில் நடந்தது

1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் இனோக்கி முகமது அலியோடு மோதியிருந்தார். பதினைந்து சுற்றிலும் இனோக்கி நிலத்தில் படுத்துக்கொண்டு அலியின் காலை உதைத்தார். முடிவு சமநிலை. 1910இல் ஸ்பிஷ்கோ கிடந்ததைப் போலவே இதுவும் பார்க்க அலுப்பான போட்டி. ஆனால் இனோக்கியின் பெயர் உலகம் முழுக்கப் போனது. அதே டிசம்பரில் அவர் கராச்சிக்கு அழைக்கப்பட்டார்.

ஜப்பான் தரப்புச் சொல்வது, வழமை போல ஒரு காட்சிப் போட்டி என்றுதான் வந்தோம், முடிவு பேசப்படவில்லை என்பது பிறகுதான் விளங்கியது என்று. பாகிஸ்தான் தரப்புக்கு அப்படி ஒரு பேச்சே அவமானம். காமாவின் குடும்பத்து ஆள் சொந்த மண்ணில், சொந்தச் சனத்துக்கு முன்னால், பேசி வைத்துத் தோற்பாரா? பேசி வைத்து வெல்வதுகூட அவர்களுக்கு ஒரு தோல்விதான்.

மோதல் தொடங்கியது. அக்ரம் கையைக் கடித்தார் என்று ஒரு தரப்பும், இனோக்கி கண்ணில் விரல் விட்டார் என்று மறு தரப்பும் சொல்கின்றன. இனோக்கி அப்போது முப்பதுகளில், உச்சத்தில் இருந்தார். அக்ரம் தன் காலத்தைத் தாண்டியிருந்தார். மூன்றாவது சுற்றில் இனோக்கி அக்ரமின் கையைப் பூட்டி முறுக்கினார். இந்தத் தொழிலில் அதற்கு ஒரு வழி உண்டு: மற்ற ஆள் நிலத்தைத் தட்டினால் பிடி விடப்படும். அக்ரம் தட்டவில்லை. தோள் போனது. மைதானம் அமைதியாகியது என்கிறார்கள்.

ஏன் தட்டவில்லை? பிடிவாதம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் தட்டுகிற கை யாருடையது என்று யோசித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. அது அவருடைய கை மட்டும் என்றால் தட்டியிருப்பார். அதில் காமா இருந்தார், இமாம் பக்ஷ் இருந்தார், மைதானத்தில் இருந்த முழு நாடும் இருந்தது. அவ்வளவு பேரின் கையை ஒரு மனிதன் எப்படித் தனியாகத் தட்டுவான்?

நாங்கள் இதை எழுதும்போது கொழும்பில் இருந்துதான் எழுதுகிறோம். கிரிக்கெட் நடக்கிற நாளில் "நீங்கள் எந்த டீமுக்கு?" என்று கேட்டு எங்களை அளந்து பார்ப்பவர்களை எல்லாருக்கும் தெரியும். பரீட்சை முடிவு வருகிற நாளில் எங்கட பெயர் வீட்டுப் பெயராக, ஊர்ப் பெயராக, இனத்தின் பெயராக மாறுவதும் தெரியும். பதினொரு பேர் விளையாடும் விளையாட்டிலும் ஒருத்தி எழுதும் பரீட்சையிலும் இவ்வளவு பாரம் ஏறுமென்றால், ஒரு தனி உடம்பில் ஏற்றிய பாரத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்.

ஜாரா

தோள் முறிந்த பெரிய வீட்டுக்குப் பழிவாங்க ஒரு பிள்ளை தேவைப்பட்டது. அஸ்லமின் மகன், அக்ரமின் அண்ணன் மகன், முகமது சுபைர். எல்லாரும் ஜாரா என்பார்கள். 1960இல் பிறந்தவர். கராச்சிப் போட்டியின்போது அவருக்குப் பதினாறு. அதன்பின் குடும்பம் அவரை இனோக்கிக்காகவே தயார்செய்தது.

1979 ஜூன் 17, லாகூர் கடாபி மைதானம். இருபது வயதுகூட ஆகாத ஜாரா, முப்பத்தாறு வயது இனோக்கி. ஐந்து சுற்று. யாரும் யாரையும் விழுத்தவில்லை. முடிவில் இனோக்கி ஜாராவின் கையைப் பிடித்து உயர்த்தினார். ஜப்பானியப் பதிவுகளில் இது சமநிலை. பாகிஸ்தானில் இது ஜாராவின் வெற்றி. ஒரு கையை உயர்த்தியதால் இரண்டு நாட்டுக்கும் இரண்டு வரலாறு கிடைத்தது. இனோக்கி அதை மரியாதையாகச் செய்தாரோ, மைதானத்தில் இருந்து உயிரோடு போக வேண்டும் என்று செய்தாரோ, எப்படி என்றாலும் அந்தக் குடும்பத்துக்கு அவர் செய்த பெரிய உதவி அதுதான்.

பழி தீர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஜாரா என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. இருபது வயதாகும் முன்னமே அவருடைய வேலை முடிந்துவிட்டது. போதைப்பழக்கம் அவரைத் தின்றது என்று பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. 1991இல், முப்பதைத் தாண்டியவுடனேயே இறந்துபோனார்.

இந்தக் குடும்பம் சுமந்த பட்டங்கள் எல்லாம் ருஸ்தம் என்றுதான் தொடங்கும். ருஸ்தம்-இ-ஹிந்த், ருஸ்தம்-இ-சமான். ருஸ்தம் பாரசீகத்தின் ஷாநாமா காவியத்து மாவீரன். அந்தக் காவியத்தில் அவன் ஒரு இளம் வீரனோடு மற்போர் செய்து, அவனை விழுத்திக் கத்தியால் குத்துகிறான். பிறகுதான் தெரிகிறது, செத்துக்கொண்டிருக்கும் சொராப் தன் சொந்த மகன் என்று. அந்தப் பட்டத்தைக் கொண்டாடிய யாருக்கும் இந்தப் பகுதி ஞாபகம் வரவில்லையோ தெரியாது.

கடல் தாண்டிய பெயர்

பெயர் அதோடு நிற்கவில்லை. கனடாவில் வளர்ந்த பஞ்சாபி கடோவர் சிங் சகோட்டா, காமா சிங் என்ற பெயரில் கல்கரி நகரத்தில் மல்யுத்தம் செய்தார். அது ஹார்ட் குடும்பத்தின் கம்பனி. பிரெட் ஹார்ட்டையும் ஓவன் ஹார்ட்டையும் எங்களுக்குத் தெரியும். அங்கே காமா சிங் வில்லன். அவருடைய கோஷ்டிக்குக் 'கராச்சி வைஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு சீக்கியர், ஒரு முஸ்லிம் பயில்வானின் பெயரில், பாகிஸ்தான் நகரத்தின் பெயர் கொண்ட கோஷ்டியில். கல்கரிச் சனத்துக்கு எல்லாம் ஒன்றுதான். தெற்காசியாவில் வீரத்தின் பெயராக இருந்தது அங்கே பயமுறுத்தும் அந்நியனின் பெயரானது. அவருடைய மருமகன்தான் 2017 மே மாதத்தில் ராண்டி ஓர்ட்டனை வென்று டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியனான ஜிண்டர் மஹால். கிட்டத்தட்ட ஆறு மாதம் பட்டத்தை வைத்திருந்தார், அவரும் வில்லனாகவே.

ஹார்ட் குடும்பத்துக்கும் தப்பில்லை. 1997இல் மொன்றியலில் பிரெட்டுக்குத் தெரியாமலே முடிவை மாற்றி அவரைத் தோற்கடித்தார்கள். 1999இல் ஓவன் மேடைக்கு மேலிருந்து இறக்கப்படும்போது விழுந்து இறந்தார், வயது 34. பேசி வைத்த முடிவு உள்ள தொழிலிலும் உடம்பு பேசி வைத்தபடி நடப்பதில்லை. ஆகவே உண்மையா பொய்யா என்று கேட்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது: முடிவை விடுங்கோ, செலவைப் பாருங்கோ. அதை யார் கட்டினார்கள் என்று பாருங்கோ.

இந்தக் கதை முழுக்க அப்பா, பெரியப்பா, தம்பி, மகன் என்று ஆண்களாகவே வந்ததைக் கவனித்திருப்பீர்கள். கோதாவுக்குள் பெண்களுக்கு இடமில்லை. அவர்களுடைய பெயர்களைப் பெரும்பாலும் யாரும் எழுதவும் இல்லை. ஆனால் காமாவின் மகளின் மகள் ஒருத்தியை உலகத்துக்குத் தெரியும்: குல்சூம் நவாஸ், பாகிஸ்தான் பிரதமராக இருந்த நவாஸ் ஷெரீப்பின் மனைவி. 1999இல் முஷாரப்பின் இராணுவம் ஆட்சியைப் பிடித்து நவாஸைச் சிறையில் போட்டபின், கட்சியின் ஆண்கள் பலர் அடங்கிப் போயிருந்த நேரத்தில், அவர் தெருவில் இறங்கினார். 2000 ஜூலையில் லாகூரில் ஊர்வலம் போகப் புறப்பட்டவரைப் பொலிஸ் மறித்தது. அவர் காரின் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்க மறுத்தார். கடைசியில் கிரேன் கொண்டுவந்து, அவர் உள்ளே இருக்கக் காரையே தூக்கிக்கொண்டு போனார்கள். மணிக்கணக்காக அவர் உள்ளேயே இருந்தார்.

அவருடைய அரசியலோடு எங்களுக்கு உடன்பாடு இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் தாத்தா கல்லைத் தூக்கினார் என்பதற்குச் சாட்சி அந்தக் கல் மட்டும்தான். பேத்தியைத் தூக்கியதற்குப் படம் இருக்கிறது. அவர் தட்டவும் இல்லை.